எழுதப்படாத நத்தார் நாவல்

சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் பாசிக்குடாக் கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நெடுந்தூரம் நடந்துபோகலாம். ஐப்பசி பிறந்தால் அந்தக் கதை முடிந்தது. வாடைக்காற்று எழும்ப வள்ளங்கள் கரையேறும். ஹோட்டல்களில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். சீசனில் மூச்சுவிட நேரமில்லாமல் வேலை செய்த பிள்ளைகள் வீட்டு விறாந்தையில் குந்தியிருப்பார்கள். மார்கழி வரும்போது பள்ளிக்கூடங்களில் ஒளி விழா முடிந்து லீவும் விட்டிருக்கும். மழை விட்டுவிட்டுப் பெய்யும், கரண்ட் போய்ப்போய் வரும். நாவல் வாசிக்க வருடத்தில் இதைவிட நல்ல மாதம் எங்களுக்கு வாய்ப்பதில்லை.

இந்த மாதத்தில் நான் வாசிப்பது சரித்திரக் காதல் நாவல்கள். ‘பொன்னியின் செல்வ’னும் ‘யவன ராணி’யும் அலுமாரியில் எப்போதும் இருக்கின்றன, எந்த மாதத்திலும் எடுத்து வாசிக்கலாம். மார்கழிக்கென்று ஒதுக்கி வைப்பது வேறு வகை. இருநூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்தில், நத்தாரை ஒட்டிய இரண்டு கிழமைக்குள் தொடங்கி முடியும் காதல் கதைகள். சீசனில் வந்துபோகும் வெள்ளைக்காரர் வாசித்து முடித்த புத்தகத்தை அறையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஹோட்டலில் வேலை செய்யும் என் பெறாமகள் அவற்றைக் கேட்டு வாங்கி எனக்குக் கொண்டுவந்து தருவாள். அட்டையில் நீளப் பட்டுச் சட்டை போட்ட பெண்ணையும் அவளுக்குப் பின்னால் பனி மூடிய மாளிகையையும் பார்த்துவிட்டு, “இதிலயும் கடைசியில கலியாணந்தானே பெரியம்மா?” என்பாள். ஓம் மகள், கலியாணந்தான். அதற்காகத்தான் வாசிக்கிறேன்.

இந்த நாவல்களின் காலம் பெரும்பாலும் 1811 தொடக்கம் 1820 வரை. மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் சித்தம் கலங்கி அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடக்க, மகன் அவர் பெயரில் நாட்டை ஆண்ட வருடங்கள். அந்தக் காலத்தை ஒரு நாவல் உலகமாகவே கட்டித் தந்தவர் ஜோர்ஜெட் ஹேயர். அவருடைய ‘ரீஜென்சி பக்’ 1935இல் வந்தது. அவர் போட்ட பாதையில் எத்தனையோ பேர் நடந்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தவர் மேரி பாலோக். வேல்ஸில் ஸ்வான்ஸி நகரில் பிறந்து, கனடாவின் சஸ்கச்சுவானில் ஆசிரியையாக இருந்தவர். நத்தார் காலத்தை வைத்தே பல நாவல்கள் எழுதியவர்.

அந்தக் கால நத்தார் நாங்கள் சினிமாவில் பார்க்கும் நத்தார் அல்ல. அச்சடித்த வாழ்த்து அட்டை 1843இல்தான் வந்தது. நத்தார் மரமும் சாதாரண வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஷார்லட் அரசி 1800இல் வின்ட்ஸரில் ஒரு மரத்தைச் சோடித்து வைத்தது உண்மைதான். ஆனால் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் பத்திரிகையில் வெளிவந்த பிறகே சனம் அதைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன் வீட்டைச் சோடித்தவை காட்டிலிருந்து வெட்டி வந்த பச்சைக் கொப்புகள். முள்ளிலை ஹொலி, ஐவிக் கொடி, மிஸல்டோ. மிஸல்டோ வேறொன்றுமில்லை, மரத்தில் ஒட்டி வளரும் ஒரு வகைப் புல்லுருவி. அதைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். அதன் கீழே அகப்பட்ட பெண்ணை முத்தமிடலாம். ஒவ்வொரு முத்தத்துக்கும் ஒரு வெள்ளைப் பழத்தைப் பிடுங்கவேண்டும். பழம் தீர்ந்தால் முத்தமும் தீர்ந்தது. கைதேர்ந்த எழுத்தாளர் அந்தக் கடைசிப் பழத்தை யாருக்கு மிச்சம் வைக்கப்போகிறார் என்று பக்கம் பக்கமாக நாங்கள் காத்திருப்போம். எத்தனை தரம் வாசித்தாலும் அந்தக் காத்திருப்பு எனக்கு அலுத்ததில்லை. 1815இல் நடக்கும் கதையில் ஒரு கமக்காரன் வீட்டு மூலையில் மின்னும் மரம் நின்றால் மட்டும் எனக்குப் பொறுக்காது. புத்தகத்தை மூடிவிடுவேன்.

கதையைத் தொடக்கி வைப்பது அநேகமாகப் பனி. குதிரை வண்டி பனியில் புதைந்து, பாதை மூடி, முகத்தில் முழிக்க விரும்பாத இரண்டு பேர் ஒரே வீட்டில் நாட்கணக்காகத் தங்கவேண்டி வரும். இது எழுதுபவர்கள் வசதிக்காகச் செய்யும் வேலை என்று சொல்லுகிறவர்கள் மாரி காலத்தில் கிரான் பக்கம் வந்து பார்க்கவேண்டும். வெள்ளம் ஏறினால் அங்கே பாதை தண்ணீருக்குள் போய்விடும். புலிபாய்ந்தகல் பக்கத்துச் சனம் தோணியில்தான் போய்வர வேண்டும். கலியாண வீட்டுக்குப் போனவர்கள் வெள்ளம் வடியும் வரைக்கும் அங்கேயே தங்கிவிட்டு வந்த கதைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. வருடக்கணக்காகப் பேசாமலிருந்த மச்சாளும் மச்சாளும் அப்படி ஒரு வீட்டில் ஒரே அடுப்பில் தேத்தண்ணி வைத்துக் குடித்துப் பேசத் தொடங்கியதை நானே பார்த்திருக்கிறேன். பனியை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அடைபட்ட பாதை ஒரு குடும்பத்துக்குள் என்னவெல்லாம் செய்யும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மேரி பாலோக்கின் ‘எ கிறிஸ்மஸ் பிராமிஸ்’ 1992இல் வந்தது. கடனில் மூழ்கிய ஒரு பிரபுவுக்கு, நிலக்கரி வியாபாரி ஒருவரின் மகளைக் கலியாணம் செய்யவேண்டி வருகிறது. அவனுக்கு அவளில் விருப்பமில்லை, அவளுக்கும் அவனில் விருப்பமில்லை. அவளுடைய தகப்பன் மரணப் படுக்கையில் கிடக்கிறார். கலியாணம் முடிந்த கையோடு போய்விடுகிறார். அந்தச் சாவுக்குப் பிறகும் அந்த வீட்டில் நத்தார் நடக்கிறது. பிரபு வம்சத்தவர் மூக்கைச் சுழிக்கும் வியாபாரிக் குடும்பத்துச் சித்தப்பாக்களும் சித்திகளும் பிள்ளைகுட்டிகளும் வந்து மாளிகையை நிறைத்துச் சத்தம் போடுகிறார்கள். அந்தச் சத்தத்துக்குள்தான் இரண்டு பேரும் மெல்ல மெல்ல ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்குகிறார்கள். துக்கம் நடந்த வீட்டில் கொண்டாட்டம் எப்படி என்ற கேள்வியை இந்த நாவல் நேராக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் எனக்கு இது இவ்வளவு பிடித்தது.

எங்களுக்கு நத்தாருக்கு மறுநாள் என்ன நாள் என்று சொல்லத் தேவையில்லை. 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. முதல்நாள் பலகாரத் தட்டுக்கள் இன்னும் மேசையில் இருந்த நேரத்தில் கடல் வந்தது. எங்கள் பாசிக்குடா, கல்குடாக் கரையிலும் வந்தது. மட்டக்களப்பு டச்பாரில் பறங்கியர் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்களிலும் வந்தது. வயலினும் ரபானும் வைத்துக் கஃப்ரிஞ்ஞா ஆடி நத்தார் கொண்டாடிய வீடுகள் அவை. அதன் பிறகு இந்தக் கரையில் நத்தார் நின்றுபோகவில்லை. 25ஆம் திகதி பூசையும் கேக்கும், 26ஆம் திகதி காலையில் விளக்கும் பூவும் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத்தான் வாழ்கிறோம்.

இந்த நாவல்கள் உலகத்தை மறக்க உதவும் புத்தகங்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று படித்தவர்கள் சிலர் சொல்வதுண்டு. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். முடிவு நல்லதாகத்தான் இருக்கும் என்பது இந்த வகை நாவலின் சட்டம். வாசகிக்கும் எழுத்தாளருக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம் அது. 26ஆம் திகதி காலையில் விளக்கேற்றிவிட்டு வந்து, பின்னேரம் விறாந்தையில் இருந்து அந்தப் புத்தகத்தை விரிக்கிற எனக்கு அந்த ஒப்பந்தத்தின் பெறுமதி தெரியும். நான் எதையும் மறப்பதற்காக அதை வாசிக்கவில்லை. கலியாணம் நடக்கிற ஒரு நத்தாரையும் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரித்திரக் காதல் கதை எங்கள் கரைக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று நினைக்கவும் வேண்டாம். தமிழின் முதல் சரித்திர நாவலாகச் சொல்லப்படும் ‘மோகனாங்கி’யை எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை. 1895இல் வெளிவந்தது. தஞ்சை நாயக்கர் வீட்டுப் பெண்ணுக்கும் சொக்கநாத நாயக்கருக்கும் இடையில் நடக்கும் காதல் கதை. கல்கி பிறப்பதற்கு முந்திய நாவல் அது. அதற்கும் நாலு வருடம் முன்பே, 1891இல், அதே திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பி ‘ஊசோன் பாலந்தை கதை’யை எழுதினார். பிரிந்து வளரும் இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஐரோப்பியப் பழங்கதை அதற்கு மூலம். ஒருவனைக் கரடி வளர்க்கும், மற்றவன் அரண்மனையில் வளர்வான். தேவாலய மணியும் மாளிகையும் வீரமும் காதலும் கலந்த வெளிநாட்டுக் கதையைத் தமிழில் வாசித்து மகிழ்ந்த சனம் இந்தக் கிழக்குக் கரையில் நூற்று முப்பது வருடத்துக்கு முந்தியே இருந்தது. பேத்தாழை நூலகத்தில் ஆங்கில நாவலோடு என்னைக் காண்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் எனக்கு ஒரு குறை இருக்கிறது. நான் வாசிக்கும் அந்த 1811-1820 காலத்தில் எங்கள் மட்டக்களப்பிலும் ஒரு நத்தார் நடந்தது. அதை இதுவரை யாரும் நாவலாக்கியதாக நான் அறியவில்லை.

1813 டிசெம்பர் கடைசியில் இங்கிலாந்தின் போட்ஸ்மத்திலிருந்து மெதடிஸ்த மிஷனரிமார் கீழ்த்திசைக்குக் கப்பலேறினார்கள். தலைவர் தோமஸ் கோக். கூட வந்தவர்களில் வில்லியம் ஓல்டும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த மாரியில் லண்டனில் கடுங்குளிர். 1814 பெப்ரவரியில் தேம்ஸ் நதி உறைந்து, அதன் மேல் கடைகள் போட்டு, யானை ஒன்றையும் நடத்திக் கூட்டிப்போனார்கள். அதன் பிறகு லண்டனில் தேம்ஸின் மேல் அப்படி ஒரு பனிச் சந்தை நடக்கவேயில்லை. எனக்குப் பிடித்த நாவல்கள் விரும்பிப் போய் நிற்கும் இடங்களில் அந்தச் சந்தையும் ஒன்று. அதே பெப்ரவரியில்தான் நடுக்கடலில், கப்பலிலேயே, ஓல்டின் மனைவி இறந்துபோனார். மே மாதத்தில் கோக்கும் இறந்தார். மிஞ்சியவர்கள் ஜூன் கடைசியில் காலித் துறைமுகத்தில் இறங்கி, ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஓல்டுக்கு மட்டக்களப்பு. மனைவியில்லாமல், துணைக்கு ஒரு மிஷனரியும் இல்லாமல் புளியந்தீவுக்கு வந்து சேர்ந்தார். எட்டு மாதத்துக்குள் எட்டுப் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வருடங்களை அந்த 1814இலிருந்துதான் எண்ணுகிறது. 1815 ஏப்ரல் 1ஆம் திகதி இங்கேயே இறந்தார். காந்தி பூங்காவுக்குப் பக்கத்தில் வாவியைப் பார்த்தபடி அவர் சிலை நிற்கிறது.

ஆகவே மட்டக்களப்பில் அவர் கண்டது ஒரேயொரு நத்தார், 1814இல் வந்த நத்தார். அப்போது மட்டக்களப்புக் கோட்டை ஆங்கிலேயர் கையில். இங்கிலாந்து நாவல்களில் நத்தார் விருந்தில் ஆடும் இளம் அதிகாரிகள் நெப்போலியனோடு மோதப் போகிறவர்களாக இருப்பார்கள். இங்கே கோட்டைக்குள் இருந்தவர்களுக்குக் கண்டி. 1815இன் தொடக்கத்தில் கண்டி மேல் படையெடுத்தபோது மட்டக்களப்பிலிருந்தும் ஒரு பிரிவு புறப்பட்டது. மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளியே வாடைக்காற்று, பாய்க்கப்பல் இந்தக் கரையை அண்ட அஞ்சும் காலம். பாதையெல்லாம் வெள்ளம். ஊரே அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு நத்தார் நாவலாசிரியை இதற்கு மேல் என்ன கேட்பார்?

ஓல்டை நாயகனாக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அவர் மனைவியை இழந்து ஒரு வருடங்கூட ஆகாத மனிதர். அந்தத் துக்கத்தை அவரிடமே விட்டுவிடலாம். காதலிப்பவர்கள் எங்கள் ஆட்களாக இருக்கட்டும். அவருடைய பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க வரும் ஒரு வாத்தியாரும், வயலின் சத்தம் ஓயாத ஒரு பறங்கி வீட்டுப் பெண்ணும் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் வீட்டில் ஆட்டம். பாதிரியாருக்கு ஆட்டம் ஆகாது. அவன் வீட்டில் மார்கழித் திருவெம்பாவை. விடியற்காலையில் சங்கும் சேமக்கலமும். மிஸல்டோவுக்கு இங்கே இடமில்லை. மழைக்கு ஒதுங்கி இரண்டு பேர் நிற்க ஒரு தென்னோலைத் தாழ்வாரம் போதும். கேக்குக்கும் பலகாரத்துக்கும் வழி சொல்லித்தர இந்தக் கரையில் ஆயிரம் பெண்கள் இருக்கிறார்கள். வாவித் தோணிகளை எழுத வேண்டுமானால் நாவலடிப் பக்கம் இரண்டு நாள் போய் இருந்தால் போதும்.

எழுதப்போகிறவரிடம் ஒன்றுதான் கேட்பேன். கதை 1815 ஜனவரி 6ஆம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று முடியட்டும். படை கண்டிக்குப் போனதும் ஏப்ரலில் ஓல்ட் இறந்ததும் சிலையைக் கடந்துபோகிற எங்கள் சனத்துக்குத் தெரிந்தவைதான். அவற்றை மறைக்கவும் வேண்டாம், உள்ளே இழுத்துவரவும் வேண்டாம். வாத்தியாருக்கும் அந்தப் பெண்ணுக்கும் அன்றைக்கே நிச்சயம் பண்ணி வைத்துவிட்டுப் புத்தகத்தை முடிக்கலாம். அதற்கு எழுதுபவருக்கு முழு உரிமை இருக்கிறது.