கொத்தனார் சொன்ன கணக்கு

சிவில் மாணவர்கள் எல்லோருக்கும் 'பெர்ட்' சூத்திரம் மனப்பாடம். 1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கியது. குறைந்த நாள், வழக்கமான நாளின் நாலு மடங்கு, அதிகபட்ச நாள் மூன்றையும் கூட்டி ஆறால் வகு. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியாச்சு.

பயிற்சிக்குப் போன சைட்டில் வெளிப்பூச்சு எப்போது முடியும் என்று கொத்தனாரிடம் கேட்டேன். "ஆளும் சாமானும் ஒழுங்கா வந்தா பன்னெண்டு நாள் தம்பி. எப்பவும்போல போனா பதினஞ்சு. மழை பிடிச்சா ஒரு மாசம்."

சூத்திரத்தில் போட்டால் 17. அதுவும் சராசரிதான், சத்தியம் இல்லை. ஆனால் என்ஜினீயர் சார்ட்டில் எழுதியது 12! மழை பிடித்தது. திட்டு வாங்கியவர் கொத்தனார்.

பெரிய இடத்திலும் இந்த அவசரம் உண்டு. சிட்னி ஓபரா ஹவுஸை 1963 ஜனவரியில் திறப்பதாகச் சொன்னார்கள். கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகாமலே 1959-ல் வேலையைத் தொடங்கினார்கள். திறந்தது 1973 அக்டோபரில்.

நண்பர்களே, நாளை சார்ட் நம் கைக்கு வரும். மூன்று எண்ணையும் அதில் எழுதுவோம். பக்கத்திலேயே, சொன்ன கொத்தனாரின் பெயரையும்.