மேனாட்டுச் சித்திரமும் நம் கோயிற் சுவரும்

ஆழ்வார்திருநகரியிலிருந்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சித்திரங்களின் பிரதிகள் அடங்கிய புத்தகம் ஒன்று அவர் கைக்குக் கிடைத்ததாம். அதன் முற்பகுதியிலுள்ள படங்களில் பட்டாடையின் மடிப்பும், கண்ணீர்த் துளியின் பளபளப்பும்கூடத் தத்ரூபமாய் விளங்குகின்றனவாம். பிற்பகுதியிலோ, மேகமா, மரமா, மனிதனா என்று நிச்சயிக்க முடியாத வர்ணத் திட்டுக்களே மிகுதியாம். "நூறு வருஷத்துக்குள் அத்தேசத்தாருக்குக் கைத்திறன் மறந்து போயிற்றா? வீட்டுச் சுவரில் ரவிவர்மா படமே போதும் என்றிருக்கும் நமக்கு இந்த ஆராய்ச்சியால் என்ன லாபம்?" என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

இரண்டும் நல்ல கேள்விகள். முதற் கேள்விக்கு விடை கண்டால் இரண்டாவதற்கும் விடை தானே புலப்படும்.

அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்துக் கலைச் சபையார் சித்திர உலகத்துக்குச் சட்டம் விதிப்பவர்களாக இருந்தார்கள். புராண, சரித்திர விஷயங்களே உயர்ந்தவை. உருவம் கிரேக்கச் சிலை போல் அமைய வேண்டும். தூரிகை ஓடிய தடம் தெரியாமல் படம் கண்ணாடி போல் வழவழப்பாயிருக்க வேண்டும் என்பன அவர்களுடைய விதிகள். 'ஸலோன்' என்னும் பெருங் கண்காட்சியில் இடம் பெற்றவனுக்கே கீர்த்தியும் பிழைப்பும் உண்டு. தாவீத், ஆங்க்ர் முதலியோர் இந்த மார்க்கத்தின் மகா வித்வான்கள். அன்பர் கண்ட பட்டாடைக்கும் கண்ணீருக்கும் பிறப்பிடம் இதுவே.

இந்தக் கோட்டையை ஒருவர் பின் ஒருவராக வந்த கலைஞர்கள் தகர்த்தார்கள். 1816-இல் 'மெதூஸா' என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆப்பிரிக்கக் கரையருகே தரை தட்டியது. ஏறக்குறைய நூற்றைம்பது பேர் ஒரு கட்டுமரத் தெப்பத்தில் விடப்பட்டார்கள். பதின்மூன்று நாட்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டவர் பதினைந்தே பேர். அந்த அவலத்தை ஷெரிகோ என்ற இளைஞர் 1819-இல் பெருஞ் சித்திரமாகத் தீட்டிக் காட்டினார். கிரேக்க வீரர்களுக்குரிய பெரிய திரையில், அரசாங்கத்தின் அசிரத்தையால் கைவிடப்பட்ட சாமானிய மனிதர்கள்! தெலக்ருவா 1830-ஆம் ஆண்டுப் புரட்சியைக் கண்டு, கொடி ஏந்தி முன்னே நடக்கும் சுதந்திர தேவியை வரைந்தார். உணர்ச்சியே பிரதானம் என்ற இவர்களுடைய மார்க்கத்தை 'ரொமான்டிக்' மார்க்கம் என்பார்கள்.

அடுத்து வந்தவர்கள் யதார்த்தவாதிகள். கூர்பே 1849-இல் சாலையோரத்தில் கல்லுடைக்கும் இருவரை வரைந்தார். ஒருவன் கிழவன், மற்றவன் சிறுவன், இருவர் முகமும் சரியாய்த் தெரியாது. (அச்சித்திரம் 1945-இல் யுத்தத்தில் அழிந்து போயிற்று.) மில்லே 1857-இல், அறுவடையான வயலில் சிந்திய கதிர்களைக் குனிந்து பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்களைத் தீட்டினார். தாமிரபரணிப் பாசனத்தில் அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்தவர்களுக்கு இப்படத்தை வியாக்கியானம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பாரிஸ் பெரிய மனிதர்கள் சிலர் இதைக் கண்டு கலங்கினார்கள். ஏழைகள் படத்துக்குள் வந்துவிட்டால் நாளை வாசலுக்கும் வந்துவிடுவார்களே!

அதற்கப்பால் வந்ததுதான் நம் அன்பரைத் திகைக்க வைத்த மாறுதல். 1839-இல் புகைப்பட வித்தை உலகறிய வந்தது. தத்ரூபமாய்ப் பதிக்கும் வேலையை யந்திரமே செய்யுமானால், சித்திரக்காரனுக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுந்தது. 1841-இல் ஓர் அமெரிக்கர், வர்ணத்தை அடைத்து வைக்கும் தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். ரெயிலும் வந்தது. வர்ணக் குழாய்களைப் பையில் போட்டுக்கொண்டு, அறையை விட்டு வெளியேறி, ஆற்றங்கரையில் நின்றே படத்தை எழுதி முடிப்பது சாத்தியமாயிற்று. 1874-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் மோனே, ரெனுவார், பிஸ்ஸாரோ முதலிய முப்பது பேர், நாதார் என்ற புகைப்படக்காரரின் பழைய கூடத்தில் தனிக் கண்காட்சி நடத்தினார்கள். மோனேயின் படம் ஒன்றுக்குச் 'சூரியோதயம் - ஒரு மனப்பதிவு' என்று பெயர். பத்திரிகைக்காரர் ஒருவர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் 'மனப்பதிவுக்காரர்கள்' என்று பரிகாசம் செய்தார். பரிகாசப் பெயரே பட்டப் பெயராகி நிலைத்துவிட்டது.

இவர்கள் கண்டுபிடித்தது என்ன? இதற்கு ஆழ்வார்திருநகரியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. வைகாசி உற்சவத்தில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பதின்மரும் கருட வாகனத்தில் எழுந்தருளும் இரவை அன்பர் நினைத்துப் பார்க்கட்டும். ஜனத்திரளின் நடுவே, தீவட்டி வெளிச்சத்தில், அந்தக் கணத்தில் கண்ணுக்குப் பட்டது என்ன? கருடனின் சிறகில் இத்தனை இறகு என்று எண்ணினோமா? பொன்னொளியின் அசைவு, புகையினூடே சிவந்த முகங்கள், மாலைகளின் வெண்மை, இவைதாமே மனத்தில் பதிந்தன! அந்தப் பதிவை அப்படியே எழுத முயன்றால் திட்டுத்திட்டாகத்தான் வரும். எட்டி நின்று பார்த்தால் திட்டுக்கள் கூடி ஒளியாகும். ஆதிநாதர் கோயில் கோபுரம் உதயத்தில் ஒரு நிறம், உச்சியில் ஒரு நிறம், அந்தியில் ஒரு நிறம் அல்லவா? மோனே 1892 முதல் 1894 வரை ரூவான் நகரத்து மாதாகோயில் ஒன்றையே, வேளைக்கு வேளை மாறும் வெளிச்சத்தில், முப்பதுக்கு மேற்பட்ட படங்களாக எழுதினார். கைத்திறன் மறந்துபோனவர் செய்யும் காரியமா இது? பொருளைப் பார்த்த கண் ஒளியைப் பார்க்கத் தொடங்கிற்று; அவ்வளவே.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். கிளிமானூரில் 1848-இல் பிறந்த ரவிவர்மா, 1868-இல் திருவாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்ஸன் என்ற ஐரோப்பியச் சித்திரக்காரர் வேலை செய்வதை அருகிருந்து பார்த்தே தைல வர்ண நுட்பங்களைக் கிரகித்துக்கொண்டார். ஜென்ஸன் அறிந்திருந்தது பழைய கலைச் சபையின் மார்க்கம். 1873-இல் ரவிவர்மா சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். அதற்கு மறு வருஷந்தான் பாரிஸில் அந்த மார்க்கத்தை எதிர்த்து மோனே கோஷ்டியார் தனிக் கண்காட்சி வைத்தார்கள்! அங்கே இளைஞர்கள் விட்டு விலகிய வீட்டுக்குள் இங்கே நாம் குடிபுகுந்தோம்.

இதைக் கொண்டு ரவிவர்மாவைத் தாழ்த்துவது தகாது. ஹாவெல், நிவேதிதா தேவி, ஆனந்த குமாரஸ்வாமி ஆகியோர் அவருடைய படங்களில் பாரதீயத் தன்மை இல்லை என்று கண்டித்தார்கள். ஆயினும் எட்டயபுரத்தில் பிறந்த தேசீய கவி பாரதியார், 1906-இல் ரவிவர்மா மறைந்தபோது மனமுருகி இரங்கற்பா பாடினார். 1894-இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சுக்கூடத்திலிருந்து லக்ஷ்மியும் சரஸ்வதியும் ஏழை வீடுகளுக்குள் எழுந்தருளினார்கள். கோயில் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஜனங்களுக்கு, திருவாங்கூரில் 1936-லும் மதுரையில் 1939-லும் கதவு திறக்கும் முன்னரே, தெய்வ முகத்தைக் காட்டியது அந்தக் காகிதப் படமே. அவருக்குப் பின், கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898-1976) அம்மரபைத் தொடர்ந்தார். அவருடைய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாய் வீடுதோறும் தொங்கின.

ஆனால் ஒரு நஷ்டமும் நேர்ந்தது. நிழலும் சதைத்திரட்சியுமாய்த் தெரிவதே சித்திரம் என்று கண் பழகிவிடவே, நம் கோயிற் சுவர்களிலுள்ள பழைய ஓவியங்கள் நமக்குக் குழந்தைக் கிறுக்கலாய்த் தோன்றலாயின. தாமிரபரணிக் கரையிலே திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உட்சுவர்களில் நிலைக்கு நிலை ஓவியம் இருக்கிறது. குற்றாலத்துச் சித்திர சபையில் நடராஜப் பெருமானே ஓவிய வடிவாய் ஆடுகிறார். அங்கே நிழல் கிடையாது. தெளிந்த கோடு, அதற்குள் சமமாய்ப் பூசிய செம்மண் சிவப்பும் மஞ்சளும் பச்சையும். இவ்விதச் சுவர்கள் எத்தனை ஊர்களில் திருப்பணி என்ற பெயரால் சுண்ணாம்புக்கும் எனாமலுக்கும் இரையாகியிருக்கின்றன!

இங்கேதான் ஐரோப்பியச் சரித்திரம் நமக்குக் கைகொடுக்கிறது. பழைய விதிகளில் சலிப்புற்ற அந்தப் பாரிஸ் கலைஞர்கள் யாரிடம் பாடம் கேட்டார்கள்? ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களிடம். நிழலின்றி, கோட்டாலும் சமவர்ணத்தாலும் பேசும் அந்தக் கீழ்நாட்டுப் படங்களை மோனே வீடு நிறையச் சேர்த்தார். வான் கோ 1887-இல் ஹிரோஷிகேயின் படங்களைத் தைல வர்ணத்தில் பிரதி செய்தே பயின்றார். ஜப்பானியனுடைய கோட்டில் ஐரோப்பியன் மேதையைக் கண்டான். அதற்கு உறவு முறையான கோடு நம் கோயிற் சுவரில் இருக்க, நாம் அதன்மேல் வெள்ளையடிக்கிறோம்!

ஆகவே, அன்பரே, மேனாட்டுச் சித்திரத்தைத் தாங்கள் தாராளமாய்க் கற்கலாம். அதை முழுதும் அறிந்தவனுக்கு ஐரோப்பா என்பது ஒரே மார்க்கம் என்ற மயக்கம் தீரும். தத்ரூபம் ஒன்றே கலை என்ற மயக்கமும் தீரும். ரவிவர்மா படத்தைச் சுவரிலிருந்து இறக்க வேண்டாம். அது நம் சரித்திரத்தின் ஓர் ஏடு. ஆனால் தங்கள் பிரதேசத்தில் எங்கேனும் திருப்பணிக்குச் சாரம் கட்டக் கண்டால், சுண்ணாம்பு வாளி மேலேறு முன் தாங்கள் ஒரு முறை உள்ளே போய்ச் சுவரை உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு கோடு தென்பட்டால், தர்மகர்த்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். படித்த புத்தகத்துக்கு அதைவிட நல்ல பிரயோஜனம் வேறில்லை.