நமது வலது கால்

இந்த வாரம் நமது வலது காலைப் பற்றி எழுத உத்தேசித்திருக்கிறோம். எழுதுவதற்கு உலகத்தில் வேறு விஷயமே அகப்படவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். அகப்படாமல் என்ன? ஆனால் சென்ற மூன்று மாத காலமாக நம்முடைய சிந்தனை முழுவதையும் அந்தக் கால் ஒன்றே பிடித்துக்கொண்டிருந்தபடியால், வேறு எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் பேனா தானாகவே அங்கே போய் நிற்கிறது. "நாம்" என்று பன்மையில் எழுதுகிறவருக்குக் கால்களும் பல இருக்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எல்லோரையும் போல் நமக்கும் இரண்டே கால்கள்தான். அவற்றில் ஒன்றை 2025-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஓடியே உடைத்துக்கொண்டோம்.

விழுந்து உடைத்துக்கொள்ளவில்லை, ஓடியே உடைத்துக்கொண்டோம். இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்கி விளக்கி அலுத்துப் போயிற்று. "எங்கே ஸார் விழுந்தீர்கள்? மோட்டார் சைக்கிளா, மாடிப்படியா?" என்று பரிவுடன் விசாரிப்பார்கள். எங்கும் விழவில்லை என்று நாம் சொன்னதும் அவர்கள் முகத்தில் அனுதாபம் குறைந்து சந்தேகம் தலைகாட்டும்.

நாற்பத்தைந்து வயதான கணக்கு உபாத்தியாயர் எதற்காக ஓட வேண்டும்? காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். 2022-ல் நமது இரத்தத்தைப் பரிசோதித்த போது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.5-ஐத் தொட்டால் வியாதி. இரண்டுக்கும் நடுவிலே திரிசங்கு சொர்க்கம். அதிலே நாம் தொங்கிக்கொண்டிருந்தோம். வேறொருவராயிருந்தால் பாயசத்தைக் குறைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார். நமக்கு அப்படி இருக்க முடியவில்லை. நம் தகப்பனாருக்குச் சர்க்கரை வியாதி. அவருடைய வலது பாதத்தில் செருப்புக் கடித்து உண்டான சிறு புண், ஆறாமல் பெருகி, முதலில் கட்டை விரலையும் பிறகு பாதிப் பாதத்தையும் கொண்டு போயிற்று. அதை நாம் கிட்ட இருந்து பார்த்திருக்கிறோம்.

ஆகவே விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து மெரினாக் கடற்கரைக்குப் போனோம். முதலில் நடந்தோம். பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாத சமயம் பார்த்து, மெதுவாக ஓடினோம். நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரையில் சுமார் மூன்று கிலோமீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தை நிற்காமல் ஓடி முடிக்க நமக்கு ஐந்து மாதம் பிடித்தது. முடித்த அன்று கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்று நாம் மூச்சு வாங்கிய தோரணையைப் பார்த்துச் சுண்டல் விற்கும் பையன் ஒருவன் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான். சர்க்கரை 5.8-க்கு இறங்கிற்று. அத்துடன் திருப்தி அடைந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே நேர்ந்திராது.

2025 ஜனவரியில் அரை மாரத்தான் ஒன்றில் கலந்துகொண்டோம். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர், அதில் சரிபாதி. நமக்கு ஆன நேரம் 2 மணி 12 நிமிஷம். இந்த எண் நேயர்களில் சிலருக்கு எங்கேயோ கேட்டதாகத் தோன்றலாம். நமது நாட்டு ராணுவ வீரர் சிவநாத் சிங், 1978-ல் ஜாலந்தரில் ஓடி நாட்டிய சாதனையும் அதே 2 மணி 12 நிமிஷந்தான். நாற்பது வருஷங்களுக்கு மேல் அதை இந்தியாவில் ஒருவராலும் முறியடிக்க முடியாமல் இருந்தது. 1976-ல் மான்ட்ரியால் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராவதாக வந்த மனிதர் அவர். வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர். அவருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: அந்த 2 மணி 12 நிமிஷத்தில் அவர் முழுத் தூரத்தையும் ஓடினார், நாம் பாதியை ஓடினோம், அதுவும் விலை உயர்ந்த ஜோட்டுடன்.

இந்த வேடிக்கையை ஆசிரியர் அறையில் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மனத்துக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை இரண்டு மணிக்குள் முடித்தால் என்ன? கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 15 விநாடி ஆகிறது. அதை 5 நிமிஷம் 41 விநாடி ஆக்க வேண்டும். அரை நிமிஷந்தானே! அன்று முதல் நாம் ஓடியது சர்க்கரைக்காக அல்ல. மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரத்துக்காக ஓடினோம்.

கோடை விடுமுறை வந்தது. அதற்கு முன் வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர்கள், பள்ளிக்கூடம் இல்லாத தைரியத்தில் 55 கிலோமீட்டர் ஓட ஆரம்பித்தோம். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் குறைக்கவில்லை. வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "கடைசி மாதத்தில் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கினால் அஜீரணந்தான் மிஞ்சும், தினம் கொஞ்சமாகப் போடுங்கள்" என்று தொண்டை வறளச் சொல்லுகிறவர்களும் நாமேதான். ஜூலையில் பத்துக் கிலோமீட்டர் பந்தயம் ஒன்றை 54 நிமிஷத்தில் முடித்தபோது, நமது உபதேசம் பிள்ளைகளுக்குத்தான், நமக்கில்லை என்று தீர்மானமாயிற்று.

செப்டம்பர் மாதத்தில் வலது பாதத்தின் மேற்புறத்தில், இரண்டாவது விரலுக்குப் பின்னால், ஒரு வலி தோன்றிற்று. விரலால் அழுத்தினால் ஒரு புள்ளியில் மட்டும் சுரீர் என்றது. ஓடத் தொடங்கினால் முதலில் தெரியும், சூடேறினால் மறைந்துவிடும், மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போது ஞாபகமாக வந்து சேரும். யாரிடமும் சொல்லவில்லை. சகதர்மிணி இருக்கும்போது நொண்டாமல் நடக்கப் பழகிக்கொண்டோம். இது பந்தய ஆசையினால் மட்டும் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. பயமும் இருந்தது. ஓட்டத்தை நிறுத்தினால் சர்க்கரை ஏறும். ஏறினால் அப்பாவின் கால்தான் நமக்கும் என்று ஓர் எண்ணம் இரவில் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

அக்டோபர் பந்தயத்தில் பதினான்காவது கிலோமீட்டர் வரையில் கடிகாரம் நமக்குச் சாதகமாகவே இருந்தது. பதினாறாவதில் காலைத் தரையில் வைக்க முடியவில்லை. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து ஜோட்டைக் கழற்றினோம். மறுபடி மாட்ட இயலவில்லை. ஆட்டோ ரிக்ஷாவில் வீடு வந்து சேர்ந்தோம். சகதர்மிணி கதவைத் திறந்து, காலைப் பார்த்து, கையிலிருந்த ஜோட்டைப் பார்த்து, "எத்தனை நாளாக?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லுவதைவிட அந்தப் பதினாறு கிலோமீட்டரையும் மறுபடி ஓடுவது சுலபமாயிருந்திருக்கும்.

எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை. இம்மாதிரி விரிசல் முதல் சில வாரங்கள் அதில் பெரும்பாலும் தெரியாதாம். எலும்பு டாக்டர் அதோடு விடாமல் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னார். பாதத்திலிருந்து விரல்களுக்குப் போகும் ஐந்து நீண்ட எலும்புகளில் இரண்டாவதில் விரிசல் கண்டிருந்தது. இது புதிய வியாதி அல்ல. 1855-ல் பிரஷ்யப் படையின் வைத்தியர் பிரைட்ஹௌப்ட் என்பவர், நெடுந்தூரம் அணிவகுத்துச் சென்ற சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் கண்டு எழுதி வைத்தார். உள்ளே எலும்பு விரிந்திருக்கிறது என்பதை அறிய, 1895-ல் ரண்ட்கன் தம்முடைய கதிர்களைக் கண்டுபிடிக்கும் வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. பாவம், அந்தச் சிப்பாய்களுக்கு நடப்பது உத்தியோகம். நாமோ கட்டணம் செலுத்தி ஓடியவர்கள்.

எலும்பு என்பது உத்தரக் கட்டையைப் போல் ஜடப் பொருள் என்று நாம் எண்ணியிருந்தோம். அப்படியல்லவாம். உள்ளே ஓயாமல் மராமத்து வேலை நடக்கிறது. ஓடும்போது எலும்பில் மிகச் சிறிய கீறல்கள் விழுகின்றன. ஒரு வகை அணுக்கள் வந்து, பழுதான பகுதியைக் கொத்தனார் பழைய காரையைச் சுரண்டுவது போல் சுரண்டி எடுக்கின்றன. அதற்கு இரண்டு மூன்று வாரம். பிறகு வேறொரு வகை வந்து புதிதாகப் பூசுகின்றன. அதற்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் ஆகும். இடிப்பவன் வேகக்காரன், கட்டுகிறவன் நிதானஸ்தன். இந்த இடைவெளியில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாயிருக்கும். அந்தச் சமயம் பார்த்துச் சுமையை ஏற்றினால் சுவர் விரியாமல் என்ன செய்யும்?

சுமை எவ்வளவு? வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். நமது எடை 72 கிலோ. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் எடையைப் போல் இரண்டரை மடங்கு காலில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 180 கிலோ. கிலோமீட்டருக்குச் சுமார் ஆயிரம் அடி. அதில் வலது காலின் பங்கு ஐந்நூறு. அரை மாரத்தான் ஒன்றில் வலது கால் மட்டும் தாங்குவது, கொஞ்சம் கூடக் குறைய, 1,890 டன். இந்தக் கணக்கை ஏழாம் வகுப்புப் பையனும் போட்டுவிடுவான். மே மாதத்தில் நாம் போடவில்லை.

ஆறு வாரம் முழங்கால் வரை ஏறும் பிளாஸ்டிக் பூட்ஸ் ஒன்றை மாட்டிவிட்டார்கள். அதைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா வந்தாள். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உன் அப்பாவுக்கும் வலது கால்தான்" என்றாள். அப்பாவைப் பற்றி அன்று அவள் சொன்ன ஒரு விஷயம் நமக்கு அதுவரை தெரியாது. அந்தப் புண்ணை முதலில் பார்த்தவர் அவரல்ல. கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா, வாசல்படியில் இரத்தத் தடத்தைக் கண்டு, யாருடைய கால் என்று தேடிக்கொண்டு உள்ளே போனாளாம். அப்பா சாய்வு நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலிக்கவில்லை. சர்க்கரை நெடுநாளாகப் பாதத்து நரம்புகளைக் கெடுத்திருந்தபடியால் வலிக்கத் தெரியாத கால் ஆகிவிட்டிருந்தது.

நம்முடைய கால் அப்படியல்ல. செப்டம்பர் மாதம் முழுவதும் ஒரு நாள் தவறாமல், இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்டிச் சொல்லிற்று. அப்பாவுக்குக் கிடைக்காத அந்த எச்சரிக்கையை, அப்பாவைப் போல் ஆகிவிடக்கூடாதே என்ற பயத்தினாலேயே நாம் கேட்க மறுத்தோம். அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

மூன்றாவது வாரத்தில் நமக்குப் பழைய சபலம் எழுந்தது. எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா, குடல்வாலை அறுத்தெடுத்துச் சுமார் ஐந்தே வாரத்தில், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கியதைச் சகதர்மிணிக்கு எடுத்துரைத்தோம். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "ஓடுவதற்குக் குடல்வால் வேண்டியதில்லை, எலும்பு வேண்டும்" என்றாள். அத்துடன் பிகிலாவை விட்டுவிட்டோம்.

வகுப்பில் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினோம். கரும்பலகையில் எழுதப் பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவனுடைய கையெழுத்து நம்முடையதைவிட எவ்வளவோ மேல் என்பது இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அப்போதுதான் தெரிய வந்தது. டிசம்பரில் பூட்ஸ் கழன்றது. சர்க்கரையும் பார்த்தோம்: 5.9. இராத்திரியில் நாம் பயந்த அளவுக்கு ஒன்றும் ஏறிவிடவில்லை.

2026 ஜனவரியில் டாக்டர் ஓட அனுமதி கொடுத்தார். ஒரு நிமிஷம் ஓட வேண்டும். நாலு நிமிஷம் நடக்க வேண்டும். இப்படி ஐந்து தடவை. அதற்கு மேல் கூடாது. நம்மிடம் நம்பிக்கை வைக்காமல் வீட்டில் மகளையும் கூடவே அனுப்பினார்கள். கடிகாரம் அவள் கையில். நேப்பியர் பாலத்தருகில் ஆரம்பித்தோம். காற்று சுகமாக வீசிற்று. காலில் எங்கும் வலி இல்லை. கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவரைத் தாண்டிப் போகும் தறுவாயில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா, ஒரு நிமிஷம் ஆகிவிட்டது. நில்லுங்கள்."

நின்றோம். பெரியவர் நம்மைத் தாண்டிப் போனார்.