பெற்றவள் அழுதால்...



சென்ற கோடை விடுமுறையில், இரண்டு இரவுகளை இரயிலிலே கழித்துவிட்டு மதுரையில் போய் இறங்கினேன். வீட்டில் தொட்டில் கட்டியிருந்தது. அக்காவுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை, பிறந்து நாற்பது நாள். கிலுகிலுப்பையும் கையுமாக ஓடிய நான் கண்ட காட்சி என்ன? குழந்தை தொட்டிலில் உறங்குகிறது; பெற்றவள் சுவரோரம் அமர்ந்து அழுகிறாள்.

"என்ன அக்கா?" என்றேன். "ஒன்றுமில்லை, தம்பி" என்றாள்.

இரவில் குழந்தை உறங்கினாலும் அவள் உறங்குவதில்லை. எழுந்து எழுந்து போய், அதன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். கண்ணேறு என்று அப்பத்தா மிளகாய் சுற்றிப் போட்டார். பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார் அம்மா. பல்கலைக் கழகத்தில் உயிரியல் படிக்கிறானே, இவன் என்ன சொன்னான் என்கிறீர்களா? "ஊரில் எவளும் பெறாத பிள்ளையையா பெற்றுவிட்டாய்?" என்றேன். அவள் பதில் பேசவில்லை. அன்று முதல் என் எதிரில் அழுவதை நிறுத்திக்கொண்டாள். அவளைத் திருத்திவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். என்னே என் அறிவு!

அடுத்த வாரம் குழந்தைக்கு ஊசி போடப் போனோம். மருத்துவ அம்மையார் குழந்தையைப் பார்த்து முடித்ததும், அக்காவை அருகில் அமர்த்திப் பத்துக் கேள்விகள் கேட்டார். கடந்த ஏழு நாட்களில் மனம்விட்டுச் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி அச்சம் வந்ததா, உன்னையே நீ குறை சொல்லிக்கொண்டாயா என்று ஒவ்வொன்றாக. ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. எடின்பரோ வினாத்தாள் என்று அதற்குப் பெயர், 1987இல் வெளியானது. நாங்கள் நாற்பது நாளாய்க் கேட்காததை அந்த ஐந்து நிமிடம் கேட்டுவிட்டது. மருத்துவம் தொடங்கிற்று.

இங்கே திரும்பிவந்த பிறகுதான், வெட்கத்தோடு நூலகத்தில் நுழைந்து தேடிப் படித்தேன். கருவுற்ற காலத்தில் புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் பன்மடங்கு பெருகுகின்றன. பிள்ளை பிறந்த சில நாட்களில் மடமடவென்று சரிந்துவிடுகின்றன. புரோஜெஸ்டிரோனிலிருந்து மூளைக்குக் கிடைக்கும் ஒரு பொருள், அல்லோபிரெக்னனலோன், நரம்புகளை அமைதிப்படுத்துவது. அதுவும் உடன் சரிகிறது. டொராண்டோ ஆராய்ச்சியாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவமான 4 முதல் 6 நாட்களுக்குள் இருந்த தாய்மாரின் மூளையைப் படமெடுத்தார்கள். மனநிலையைத் தாங்கும் செரட்டோனின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதி ஒன்று, மற்றப் பெண்களைவிடச் சராசரியாக 43 விழுக்காடு மிகுந்திருந்தது. முதல் வாரத்தில் பல தாய்மாருக்குக் காரணமின்றிக் கண்ணீர் வருவது ஏன் என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம். பெரும்பாலோர்க்கு அந்தக் கண்ணீர் இரண்டு வாரத்திற்குள் வற்றிவிடும். வற்றாமல் நிற்பதுதான் நோய்.

எல்லாத் தாய்க்கும் ஹார்மோன் சரிகிறதே, சிலருக்கு மட்டும் ஏன் நோய் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனை இதற்கு ஓரளவு விடை தருகிறது. முன்பு இந்நோய் கண்டு குணமான 8 பெண்கள், நோயே காணாத தாய்மார் 8 பேர்; இரு சாராருக்கும் ஹார்மோன்களைக் கொடுத்து உயர்த்திப் பிறகு நிறுத்தினார்கள். முதல் எட்டில் ஐவருக்கு மனநிலை குலைந்தது. மற்ற எட்டில் ஒருவருக்கும் இல்லை. வீழ்ச்சி ஒன்றே, தாங்கும் மூளைதான் வேறு. இந்த அறிவின் வழியேதான், அந்த அமைதிப் பொருளை ஒத்த சூரனலோன் என்னும் மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பதினான்கு நாள் மருந்து அது.

இனி, இந்தச் செய்தியை நம் வீட்டார் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அதுவே என் அச்சம். "மூளைக் கோளாறாம், மாத்திரை கொடுத்துவிட்டோம்" என்று கைகழுவிவிடுவார்கள்! அக்காவின் மாமியார் வந்தார், துணியை விலக்கிப் பார்த்தார், "பெண்ணா?" என்றார், காப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார். அத்தான் அதன்பின் மூன்று வாரம் வரவில்லை. இதை எந்த ஹார்மோன் செய்தது?

நான் மட்டும் சொல்லவில்லை. வேலூரை அடுத்த கிராமங்களிலும் கோவாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் 2002இல் வெளியாயின. கோவாவில் பிரசவமான ஆறு முதல் எட்டு வாரத்தில் நூற்றுக்கு 23 தாய்மாரிடம் இந்நோய் காணப்பட்டது. நோயை வளர்ப்பவை எவை என்று தேடியபோது இரண்டு இடத்திலும் வறுமை வந்தது. வீட்டாரோடு பிணக்கு வந்தது. மகனை எதிர்பார்த்த வீட்டில் பிறந்த மகள் வந்தாள். மூளை ஒரு மண்டையோட்டுக்குள் இருக்கிறது, மெய்தான்; அந்த மண்டையோடு ஒரு வீட்டுக்குள் அல்லவா இருக்கிறது!

அதனால்தான், மருந்து வேண்டாம் என்பாரோடும் எனக்குச் சண்டை. மருந்தே போதும் என்பாரோடும் சண்டை. பாகிஸ்தானின் கிராமங்களில், மருத்துவப் பட்டம் பெறாத சுகாதாரப் பணிப்பெண்கள் பயிற்சி பெற்று, வீடு தேடிப் போய் நோயுற்ற தாய்மாரோடு பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அவ்வாறு பேசப்பட்டவரில் 23 விழுக்காட்டினருக்கே நோய் நீடித்தது; ஏனையோரில் 53. இந்த ஆய்வு வெளியானது 2008இல். பேச்சும் மூளைக்குள் போய்த்தான் வேலை செய்கிறது.

ஒன்றை மட்டும் இங்கே தனியே சொல்லவேண்டும். தாய் பிதற்றினாலோ, இல்லாததைக் கண்டாலோ, தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணத்தைச் சொன்னாலோ, மிளகாயும் வேண்டாம், என்னைப் போன்ற தம்பியின் அறிவுரையும் வேண்டாம்; அன்றைக்கே மருத்துவமனை. தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் மனநலப் பிரிவு பெங்களூர் நிம்ஹான்சில் 2009 முதல் உண்டு. யாரிடம் கேட்பது என்று திகைப்பவர்க்கு 14416 என்னும் அரசு எண்ணில் தமிழிலும் பேசுவார்கள்.

அக்கா தேறிவிட்டாள், மூன்று மாதம் பிடித்தது. அத்தான் இப்போது இரவில் ஒரு வேளை அவரே எழுந்து தொட்டிலை ஆட்டுகிறாராம். மருத்துவ அம்மையார் அவரையும் அழைத்துக் கடிந்ததன் பயன். ஞாயிறுதோறும் நான் தொலைபேசியில் அழைக்கிறேன். "குழந்தை எப்படி இருக்கிறாள்?" என்பதற்கு முன்னால், "நேற்றுத் தூங்கினாயா, அக்கா?" என்று கேட்கிறேன். முதல் முறை அப்படிக் கேட்டபோது மறுமுனையில் சற்று நேரம் ஓசையே இல்லை. பிறகு, "நீ சாப்பிட்டாயா, தம்பி?" என்றாள்.