மலையில் ஈரச் சட்டை ஆகாது!

"அட்டை கடிக்குமாமே, போகத்தான் வேணுமா?"

மழைக்காலத்தில் நீலகிரிப் பக்கம் நடக்கப் போகிறோம் என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான். அட்டை கடித்தால் ரத்தம் கொஞ்ச நேரம் கசியும். நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பாலும் அதோடு சரி. நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு... உடம்போடு ஒட்டிக் கிடக்கும் ஈரச் சட்டைக்கு!

சிரிக்காதீர்கள். வாலாஜாபாத்தில் மழையில் நனைந்தால், வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டினால் தீர்ந்தது. மலைக் கணக்கு வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். ஊட்டியே 2,200 மீட்டருக்கு மேல். அதையும் தாண்டி அவலாஞ்சிப் பக்கத்து மேடுகளுக்குப் போனால் பரந்த புல்வெளி, பள்ளங்களில் கால் புதையும் கறுப்புச் சதுப்பு. காற்றுக்கு ஒதுங்க இடமே இருக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, நினைவிருக்கிறதா?

1964 மார்ச்சில் இங்கிலாந்தில், டெர்பிஷயர் பக்கத்துச் சதுப்பு மேடுகளில் சாரணர் நடைப்போட்டி நடந்தது. மழையும் காற்றும் பிடித்துக்கொள்ள, மூன்று இளைஞர்கள் குளிரில் விறைத்து இறந்தார்கள். 1953 எவரெஸ்ட் குழுவில் இருந்த விஞ்ஞானி கிரிஃபித் பியூ இதை ஆராய்ந்தார். உடை நனைந்து, காற்றும் அடித்தால், அது குளிரைத் தாங்கும் சக்தியை எவ்வளவு இழக்கிறது என்பதை விளக்கினார்.

நெசவு தெரிந்த நம் ஊருக்குச் சொல்லவா வேண்டும்? பருத்தி தண்ணீரைக் குடிக்கும், சீக்கிரம் காயாது. நம் வெயிலுக்கு அது வரம். மலை மழையில் அதுவே எமன்! ஜீன்ஸும் பருத்திதான். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். மேலே நல்ல ரெயின்கோட், பையில் நனையாமல் கட்டிய மாற்றுடை, இரண்டும் கட்டாயம். பலத்த காற்றில் குடையை நம்பாதீர்கள்.

கூட வருபவர் விடாமல் நடுங்குகிறாரா? பேச்சு குழறுகிறதா? நடை தடுமாறுகிறதா? "களைப்பு, சரியாயிடும்" என்று விடாதீர்கள். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையைக் களைந்து, துடைத்து, தலையோடு சேர்த்துக் கம்பளியால் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்க வேண்டாம். பிராந்தி கூடவே கூடாது. அது தோலுக்கு ரத்தத்தை இழுத்து, உள்சூட்டை வெளியேற்றிவிடும். நடுக்கம் திடீரென நின்று ஆள் மயங்கினால், குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நிலைமை முற்றிவிட்டது. உடனே 108-ஐ அழையுங்கள்.

நடக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வனத்துறை அனுமதியோடு, வழி தெரிந்தவரோடு தாராளமாகப் போங்கள். ஆனால், மழை வலுத்ததும் வீட்டுப் பெரியவர் ஒருவர், "போதும், திரும்பலாம்" என்று சொல்ல வேண்டும். "இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டோமே" என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டுமே! மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த லீவுக்குப் போய்க்கொள்ளலாம்.