பேராயர் பட்டமும் உபதேசியார் உழைப்பும்

தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன் வயதை இரண்டு நாள்களிலிருந்து கணக்கிடுகிறது: டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளுச்சாவும் தரங்கம்பாடியில் கரையிறங்கிய 1706 ஜூலை 9 ஒன்று, அந்தப் பணியில் விளைந்த சபைகள் ஒன்றுகூடித் தன்னாட்சியுடைய திருச்சபையாக அமைந்த 1919 ஜனவரி 14 மற்றொன்று. இடைப்பட்ட இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளை விழா மலர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மிஷனெரிகளின் பெயர் வரிசையாலேயே நிரப்பிவிடுகின்றன. ஆனால், சபையை ஊர் ஊராகச் சென்று கட்டியவர் யார், அதை ஆளும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், உழைத்தவரும் ஆண்டவரும் நெடுங்காலம் வெவ்வேறு மனிதராகவே இருந்தனர் என்பதும், அந்த இடைவெளி கொள்கையால் அல்லாமல் ஓர் உலகப் போரின் தள்ளுதலால்தான் குறையத் தொடங்கியது என்பதும் தெரியவரும்.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தரங்கம்பாடி, டேனியக் கோட்டையைச் சுற்றிய சிறிய நிலப்பரப்பு. அதற்கு அப்பால் தஞ்சை மராட்டிய மன்னரின் ஆட்சி நடந்தது, அங்கே ஐரோப்பிய மிஷனெரி விரும்பியபடி நுழைய முடியாது. ஆகவே கிராமங்களில் போதித்தும், ஞானஸ்நானத்துக்கு மக்களை ஆயத்தப்படுத்தியும், நோயுற்றோரைச் சந்தித்தும் சபையை நிலைநிறுத்தியவர்கள் உபதேசியார்கள் எனப்பட்ட உள்ளூர்ப் பணியாளர்களே. திருவிருந்து கொடுக்கவும் ஞானஸ்நானம் வழங்கவும் உரிமை பெற்ற குரு என்ற நிலை அவர்களுக்கு இல்லை. அந்த நிலை முதன்முதலாக 1733 டிசம்பர் 28இல், கடலூரைச் சேர்ந்த சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து 1718இல் சீகன்பால்கிடம் ஞானஸ்நானம் பெற்ற ஆரோனுக்கு வழங்கப்பட்டது. புராட்டஸ்டன்ட் மரபில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆயினும் பணியிடம், சம்பளம், பொறுப்பு ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அவையாக மிஷனெரிகளின் கூட்டமே தொடர்ந்தது.

ஆரோனின் பட்டத்தைக் கொண்டாடுவோர் அதற்கு அடுத்த தேர்வைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இரண்டாவது இந்தியக் குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளையில் முன்னிலையில் இருந்தவர்களுள் ஒருவர் ராஜநாயக்கன். பறையர் சமூகத்தில் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றி, பின்னர் உபதேசியாராகித் தஞ்சை வட்டாரத்தில் எதிர்ப்புகளுக்கிடையே சபைகளை வளர்த்தவர். அவர் கையால் திருவிருந்து பெற வேளாளக் கிறிஸ்தவர்கள் உடன்படமாட்டார்கள் என்று கருதி அவரை விட்டுவிட்டு, 1741இல் தியாகோ என்பவருக்குப் பட்டம் கொடுக்கப்பட்டது. ராஜநாயக்கனின் தகுதியை மிஷனெரிகள் மறுக்கவில்லை. மறுக்காமலேயே ஒதுக்கினர் என்பதுதான் இந்த நிகழ்ச்சியின் கனம். ஒரே கிண்ணத்தில் பருகுவது சமத்துவத்தின் அடையாளம் என்று போதித்த சபை, அந்தக் கிண்ணத்தை ஏந்தும் கையைச் சாதியால் அளந்தது. பின்னாளில் இத்திருச்சபையின் தலைமைப் போட்டிகளில் சாதி எப்போது புகுந்தது என்று வியப்போர், அது புகவில்லை, தொடக்கத்திலிருந்தே உடனிருந்தது என்பதை இங்கே காணலாம்.

அடுத்த நூற்றாண்டில் இந்தச் சிக்கல் திருச்சபையின் உருவத்தையே மாற்றியது. கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேறுபாட்டை அறவே விட்டொழிக்க வேண்டும் என ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். அதற்கு முன்பே, மிஷனெரி சுவார்ட்சிடம் வளர்ந்த தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், புதிய மிஷனெரிகள் தமிழ்க் கிறிஸ்தவரின் பழைய வழக்கங்களில் கைவைப்பதைக் கண்டித்து எழுதியிருந்தார். அவருடைய எதிர்ப்பில் பண்பாட்டுத் தன்மானமும் சாதிப் பற்றும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன, ஒன்றை மட்டும் எடுத்துப் போற்றுவது நேர்மையாகாது. தரங்கம்பாடி 1845இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்ட காலத்தில், டேனியப் பணியின் எச்சங்களை ஏற்றுக்கொண்டிருந்த ஜெர்மானிய லைப்சிக் மிஷன், சாதி ஒரு சமூக அமைப்பு, அதைப் படிப்படியாகவே கரைக்க வேண்டும் என்ற மென்மையான நிலையை எடுத்தது. ஆங்கிலிக்க சபைகளில் அதிருப்தியுற்றோர் பலர் லுத்தரன் பக்கம் வந்தனர், எண்ணிக்கை கூடியது. அந்த மென்மையைப் பொறுக்காத மிஷனெரி ஆக்ஸ் விலகிச் சென்று தென்னார்க்காட்டில் தனிப்பணி தொடங்கினார், ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் மூலம் அதுவே. லைப்சிக் சபைகளின் வளர்ச்சிக்கும் அவற்றின் உள்முரணுக்கும் வேர் ஒன்றுதான்.

இந்நிலையில் 1914இல் போர் வெடித்தது. ஜெர்மானியர் எதிரி நாட்டவராகிவிட, மிஷனெரிகள் காவலில் வைக்கப்பட்டு, பின்னர் கோல்கொண்டா என்ற கப்பலில் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். சபைகள், பள்ளிகள், நிலங்கள் ஆகியவற்றின் பொறுப்பு, ஏற்கெனவே தமிழகத்தில் லைப்சிக்குடன் இணைந்து உழைத்த சுவீடன் திருச்சபை மிஷனிடம் வந்தது. ஆள்பலம் குறைந்த அந்த நெருக்கடியில் தமிழ்க் குருமாரும் சபையாரும் பொறுப்புகளை ஏற்றே ஆகவேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்தின் வடிவம்தான் 1919இன் தன்னாட்சி. இருநூறு ஆண்டுகளாக ‘இன்னும் காலம் கனியவில்லை’ என்ற மனப்பான்மையால் தள்ளிப்போடப்பட்ட ஒன்று நான்காண்டுப் போரில் கனிந்துவிட்டதென்றால், முன்னர் குறைவாயிருந்தது உள்ளூர்த் தகுதி அன்று, கொடுக்கும் மனம்தான் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

புதிய திருச்சபை தலைமைக்குத் தேர்ந்த வடிவமும் சுவீடனிலிருந்தே வந்தது. லுத்தரின் சீர்திருத்தத்துக்குப் பின் ஜெர்மானியத் திருச்சபைகளில் பேராயர் பதவி பெரும்பாலும் மறைந்து, கண்காணிப்பாளர்களும் நிர்வாகக் குழுக்களும் அவ்விடத்தை நிரப்பின. சுவீடனோ பழைய பேராயர் வரிசையை அறுபடாமல் காத்தது. கைகளை வைத்து அருள்பொழிவு செய்யும் உரிமை தொடக்கத் திருத்தூதர் காலத்திலிருந்து ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொடர்கிறது என்னும் இக்கருத்து அப்போஸ்தலத் தொடர்ச்சி எனப்படும். அந்த வரிசையில் 1921இல் எர்ன்ஸ்ட் ஹேமன் என்னும் சுவீடியர் தரங்கம்பாடிப் பேராயராக அருள்பொழிவு பெற்றார். ஜெர்மானியர் வளர்த்த சபைக்குச் சுவீடிய முடி சூட்டப்பட்டது. தலைமையகம் திருச்சியில் அமைந்தாலும், பட்டத்தில் கடலோரச் சிற்றூரின் பெயர் நிலைத்தது.

ஹேமனுக்குப் பின் பெக்செல், அவருக்குப் பின் சாண்டிகிரன் என மேலும் இரு சுவீடியர் அப்பதவியில் அமர்ந்தனர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வி.எஸ். அசரியா 1912இலேயே தோர்ணக்கல்லின் ஆங்கிலிக்கப் பேராயர் ஆகிவிட்டதை நினைத்தால் இந்தத் தாமதம் உறுத்துகிறது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது லுத்தரன்கள் அதில் சேரவில்லை. தங்கள் விசுவாச அறிக்கையின் தூய்மை கரைந்துவிடக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். மேலை லுத்தரன் உறவுகளும் அவற்றின் வழி வந்த நிதியும் அந்த முடிவில் எவ்வளவு எடை கொண்டன என்பதை இறையியல் வாதங்களின் ஓரமாகவே தேட வேண்டும். ராஜா பூஷணம் மாணிக்கம் 1956இல், தரங்கம்பாடிப் பணியின் 250ஆம் ஆண்டில், முதல் இந்தியப் பேராயரானார். உலகத் திருச்சபைகள் மாமன்றத்துக்கும் அனைத்துலக மிஷனெரி மன்றத்துக்கும் கிழக்காசியச் செயலராக உழைத்து, ஆசிய நாடுகளின் சபைகளை நேரில் கண்டறிந்த அவரைவிட ஆயத்தமான ஒருவர் அப்போது இல்லை. உலக அரங்கில் பெயர் பெற்ற பிறகே ஒரு தமிழருக்குச் சொந்தத் திருச்சபையின் தலைமை கிட்டியது என்பதும் அதன் மறுபக்கம்.

கதை அங்கே நேர்கோட்டில் முடிவதில்லை. மாணிக்கத்துக்குப் பின் 1967இல் பொறுப்பேற்றவர் மீண்டும் ஒரு சுவீடியர், தமிழ்நாட்டுச் சடங்குகளை ஆராய்ந்து நூலெழுதிய கார்ல் குஸ்தாவ் டீல். தன்னாட்சி பெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆன பிறகு நிகழ்ந்த இதை, நாட்டு வேற்றுமை பாராத முதிர்ச்சி என்று வாசிக்கலாம். தங்களுக்குள் ஒருவரை ஏற்பதைவிட அயலார் ஒருவரை ஏற்பது எளிதாக இருந்தது என்றும் வாசிக்கலாம். 1741இல் ராஜநாயக்கன் ஒதுக்கப்பட்ட காரணத்தை மனத்தில் கொண்டவர்க்கு இரண்டாவது வாசிப்பைத் தள்ளிவிடுவது கடினம். டீல் 1972இல் விலகிய பின்னரே தரங்கம்பாடிப் பேராயர் பட்டம் இந்நாட்டவரிடம் நிலையாக வந்து சேர்ந்தது.