ஆறின காப்பியும் வகைக்கெழுவும்

"கணக்கே வேண்டாம், வேறு பாடத்துக்கு மாறிவிடுகிறேன்" என்கிறாளா கல்லூரியில் படிக்கும் உங்கள் பெண்? வகைக்கெழுச் சமன்பாடுதான் பயமுறுத்தியிருக்கும். திட்டாதீர்கள், காப்பியைக் காட்டுங்கள். 30 டிகிரி கூடத்தில் வைத்த 80 டிகிரி காப்பி, 10 நிமிஷத்தில் 55-க்கு இறங்கினால், அடுத்த 10 நிமிஷத்தில் 42½ வரைதான் இறங்கும். வித்தியாசம் குறையக் குறைய ஆறும் வேகமும் குறையும். அவ்வளவுதான் அந்தப் பூதம்!

2001-இல் ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற மாணவர் தொடங்கிய 'ஜியோஜீப்ரா' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சமன்பாட்டைக் கொடுத்தால், திரை முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள், காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி. புள்ளியை 80-இல் வைத்தால் வளைகோடு 30-ஐ நோக்கி இறங்கும். 5-இல் வைக்கச் சொல்லுங்கள். ஐஸ் தண்ணீர் அல்லவா? கோடு மேலே ஏறும். சமன்பாடு அதேதான்! விடையை மட்டும் நெட்டுருப் போட்டவர்களுக்கு இந்த வேடிக்கை கிடைப்பதில்லை.